நடுவர் இல்லாத பட்டிமன்றம்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் விவாதத்துக்குப் பஞ்சமில்லை. ஆண்டு விழாவில் பட்டிமன்றம், தமிழ் மன்றத் தொடக்க விழாவில் சுழலும் சொல்லரங்கம், ஆங்கிலத் துறையில் ‘டிபேட் கிளப்’ என்று எல்லாமே நடக்கின்றன. 2014க்கான உலகப் பல்கலைக்கழக விவாதப் போட்டியே சென்னையில்தான், ராஜலட்சுமி பொறியியல் கல்லூரி பொறுப்பேற்று, நடந்தது. பட்டிமன்றத்தை வீட்டுக் கூடம்வரை கொண்டுவந்த சாலமன் பாப்பையா மதுரை அமெரிக்கன் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். வகுப்பறையிலிருந்து மேடைக்குப் போகும் பாதை நன்றாகத் தேய்ந்திருக்கிறது. மேடையிலிருந்து வகுப்புக்குத் திரும்பிவரும் பாதையில்தான் ஆள் நடமாட்டம் குறைவு. பொருளியலோ இயற்பியலோ சிலப்பதிகாரமோ பாடமாக நடக்கும் அந்த ஐம்பது நிமிடத்தில் பேசுகிறவர் ஒருவர். மற்றவர்கள் குறிப்பெடுக்கிறார்கள், அல்லது எடுப்பதுபோல் குனிந்திருக்கிறார்கள்.

விவாதத்தை விழா நிகழ்ச்சியாக வைக்காமல், பாடம் நடத்தும் முறையாகவே எடுத்துக்கொண்டால் மாணவருக்கு என்ன கிடைக்கிறது? இந்தக் கேள்விக்குக் கல்வியியல், உளவியல் ஆய்வுகள் அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பதில் தேடி வந்திருக்கின்றன. பதில், விவாத ஆர்வலர்கள் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு இனிப்பானதல்ல. எதிர்ப்பாளர்கள் நினைப்பதுபோல் வெறுங்கூச்சலும் அல்ல.

விரிவுரையையும் விவாதத்தையும் அருகருகே வைத்து அளந்த ஆய்வுகளில் ஒன்று, 2008இல் ஒமெலிச்சேவாவும் அவ்தேயேவாவும் அமெரிக்க அரசியல் அறிவியல் இதழ் ஒன்றில் வெளியிட்டது. தகவலை நினைவில் வைத்துத் திருப்பிச் சொல்லும் கேள்விகளில் விரிவுரை கேட்டவர்கள் முந்தினார்கள். சிக்கலான கருத்தைப் புரிந்துகொள்வது, அதை வேறோர் இடத்தில் பொருத்திப் பார்ப்பது, குறைகண்டு மதிப்பிடுவது ஆகியவற்றில் விவாதம் செய்தவர்கள் முந்தினார்கள். அதாவது விவாதம் விரிவுரைக்கு மாற்று அல்ல. ஒரு பாடத்தின் அடிப்படைத் தகவல்கள் தெரியாத மாணவர்களை இரண்டு அணியாகப் பிரித்து நிறுத்தினால் தெரியாததையே உரத்த குரலில் பேசுவார்கள். செமஸ்டரின் முதல் வாரத்தில் விவாதம் வைத்துவிட்டு, ‘பசங்க ஒண்ணும் தேறல’ என்று நொந்துகொள்ளும் ஆசிரியர் முறையைக் குறை சொல்வதில் நியாயமில்லை. தவறு நேரத்தில் இருக்கிறது.

இத்துறை ஆய்வுகளைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. பல ஆய்வுகள் ஒரே கல்லூரியில், ஒரே வகுப்பில், அந்த வகுப்பை நடத்திய ஆசிரியரே செய்தவை. அளவுகோலும் பெரும்பாலும் மாணவர் கருத்துப் படிவம்தான்: ‘நிறையக் கற்றுக்கொண்டேன்’, ‘நம்பிக்கை வந்தது’ போன்றவை. மாணவர் தாம் கற்றதாக உணர்வதும் உண்மையில் கற்றதும் ஒன்றல்ல. ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் வகுப்புகளில் டெலாரியே குழு நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், செயல்வழி வகுப்பில் இருந்தவர்கள் தேர்வில் அதிகம் பெற்றார்கள். ஆனால் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். சரளமான விரிவுரை கேட்டவர்களுக்கு நேர்மாறாக இருந்தது. ஆகவே ‘பிடித்திருந்தது’ என்ற படிவத்தை வைத்து விவாத முறையைக் கொண்டாடவும் முடியாது, ‘குழப்பமாக இருந்தது’ என்ற படிவத்தை வைத்துக் கைவிடவும் முடியாது.

இதைவிட உறுதியான சான்று உளவியலிலிருந்து வருகிறது. என் பார்வையில் மொத்தக் கேள்வியின் மையமும் அங்கேதான் இருக்கிறது. 1979இல் ஸ்டான்ஃபோர்டில் லார்ட், ராஸ், லெப்பர் ஆகிய மூவரும் மரண தண்டனையை ஆதரிக்கும் மாணவர்களையும் எதிர்க்கும் மாணவர்களையும் அழைத்து, இரு பக்கமும் சான்று சொல்லும் ஒரே ஆய்வுத் தாள்களைக் கொடுத்தார்கள். இரு தரப்புச் சான்றையும் படித்தால் இரு தரப்பும் கொஞ்சம் நெருங்கி வரவேண்டும் அல்லவா? விலகிப் போனார்கள். தமக்குச் சாதகமான தாளைத் தரமான ஆய்வென்றும் பாதகமானதை ஓட்டை ஆய்வென்றும் கண்டுபிடித்து, முன்பைவிட இறுகினார்கள். 1984இல் லார்டும் லெப்பரும் பிரெஸ்டனும் அடுத்த சோதனைக்குப் போனார்கள். ‘நடுநிலையோடு படியுங்கள்’ என்று ஒரு குழுவுக்கு அறிவுரை சொன்னார்கள், பயனில்லை. ‘இதே ஆய்வு எதிர்முடிவைத் தந்திருந்தால் இதே குறையைக் கண்டிருப்பீர்களா என்று ஒவ்வோர் அடியிலும் கேட்டுக்கொள்ளுங்கள்’ என்று இன்னொரு குழுவிடம் சொன்னார்கள். அந்தக் குழுவில் சார்பு குறைந்தது. நியாயமாக இரு என்று சொல்வது வேலை செய்யவில்லை. எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவைப்பது வேலை செய்தது.

இதே திசையில் அதற்கும் முந்தைய சோதனை ஒன்று உண்டு. 1954இல் ஜானிஸும் கிங்கும், ஒரு கருத்துக்காகத் தாமே பேசிய மாணவர்களின் எண்ணம், அதே பேச்சைக் கேட்டவர்களின் எண்ணத்தைவிட அதிகம் நகர்ந்ததைக் காட்டினார்கள். வகுப்பறை விவாதத்துக்கே இதைக் கொண்டுவந்தவர்கள் பியூடஷைமும் லுண்ட்க்விஸ்டும். 1999இல் வெளியான அவர்களது ஆய்வில், தமக்கு ஏற்கெனவே பிடித்த பக்கத்துக்காக வாதாடிய மாணவர்கள் பெரும்பாலும் அதே இடத்தில் நின்றார்கள். தமக்கு உடன்பாடில்லாத பக்கத்துக்காக வாதாடியவர்களிடமே நகர்வு தெரிந்தது. ‘யார் யாருக்கு எந்த அணி பிடிக்குமோ அங்கே போய் உட்காருங்கள்’ என்று நம் வகுப்புகளில் வழக்கமாகச் சொல்லப்படும் அந்த ஒரு வாக்கியம், விவாதம் தரக்கூடிய பெரும்பயனை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

நம்பாததைப் பேசவைப்பது நேர்மையா என்ற கேள்வி உடனே எழும். 1954-55 கல்வியாண்டில் அமெரிக்கக் கல்லூரி விவாதப் போட்டிகளுக்கான தலைப்பு, கம்யூனிஸ்ட் சீன அரசை அமெரிக்கா அங்கீகரிக்க வேண்டுமா என்பது. போட்டி விதிப்படி ஒவ்வோர் அணியும் இரு பக்கமும் பேசியாக வேண்டும். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியும் அன்னாபொலிஸ் கடற்படைக் கல்லூரியும் தம் மாணவர்களை அனுப்ப மறுத்தன. மெக்கார்த்தி காலத்து அச்சம் அதில் கலந்திருந்தது. ஆனால் அதைத் தொட்டு 1957இல் ரிச்சர்ட் மர்ஃபி என்ற பேச்சுக்கலை ஆசிரியர் எழுப்பிய வாதம் அச்சத்தில் பிறந்ததல்ல: பொதுமேடையில் ஒருவர் பேசுவது அவருடைய உறுதிமொழி, நம்பாததைத் திறமையாகப் பேசப் பழக்குவது திறமையான பொய்யரை உருவாக்கும். இதற்கு நான் ஒப்புக்கொள்ளும் பதில் ஒன்றே. வகுப்பறை பொதுமேடை அல்ல. அங்கே பேசப்படுவது பயிற்சி என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதைக் கைப்பேசியில் படம்பிடித்துப் பரப்பக்கூடாது என்ற விதியும் இன்று அதோடு சேர வேண்டும். கலிபோர்னியாவின் சார்லன் நெமத் 2001இல் தம் குழுவோடு வெளியிட்ட முடிவு இன்னும் சங்கடமானது: ஒருவர் எதிர்க்கட்சிபோல் நடிப்பதைவிட, உண்மையிலேயே மாறுபட்ட கருத்துள்ள ஒருவர் குழுவில் இருப்பதே மற்றவர் சிந்தனையை அதிகம் விரிக்கிறது. எனவே பக்கம் மாறிப் பேசும் பயிற்சி முடிந்தபின், ‘இப்போது சொல்லுங்கள், உங்கள் எண்ணம் என்ன’ என்று கேட்கும் நேரம் ஒன்று கட்டாயம் வேண்டும். பெரும்பாலான வகுப்புகளில் மணி அடிப்பதால் விட்டுப்போவது இந்த நேரம்தான்.

எதிர்ப்பக்கத்தைச் செவ்வையாகச் சொல்லிவிட்டுத்தான் மறுக்க வேண்டும் என்ற ஒழுங்கு வெளிநாட்டு உளவியலாளர்களிடம் கடன் வாங்க வேண்டியதல்ல. பதின்மூன்றாம் நூற்றாண்டு அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இரண்டாகப் பிரித்தார். உலகாயதம் தொடங்கிப் பாஞ்சராத்திரம்வரை பதினான்கு மதங்களின் கொள்கையை அந்தந்த மதத்தார் சொல்வதாக எடுத்துவைத்து, பிறகே மறுப்பு. அவர் எடுத்துவைத்தது முழுக்க நியாயமானதா என்று பௌத்தரும் சமணரும் கேட்கலாம். ஆனால் வரிசை அதுதான். நன்னூல், நூல் எழுதுபவருக்குரிய ஏழு மதங்களை, அதாவது நிலைப்பாடுகளைச் சொல்லும்போது மறுப்பதை மட்டும் சொல்லாமல், பிறர் கருத்துக்கு உடன்படுவதையும், இருவர் மாறுபட்ட இடத்தில் ஒரு பக்கத்தைத் துணிவதையும் கணக்கில் சேர்க்கிறது. பட்டிமன்றத்தில் உடன்படுவதற்கு இடமே இல்லை. எதிரணி சொன்னது சரி என்று ஒரு பேச்சாளர் ஒத்துக்கொண்டால் அணித் தலைவர் முகம் சுருங்கிவிடும்.

சரக சம்ஹிதை மருத்துவர்களுக்கிடையே நடக்கும் விவாதத்தை இரண்டாகப் பார்க்கிறது: நட்போடு கூடிப் பேசுவது ஒன்று, வெல்வதற்காக மோதுவது மற்றொன்று. இரண்டாவதற்கு எதிராளியைத் திணறடிக்கும் தந்திரங்களையும் அது ஒளிவுமறைவின்றிச் சொல்லித் தருகிறது. நோயாளி காத்திருக்கும் துறையிலேயே இரண்டும் இருந்திருக்கின்றன என்றால், பிற துறைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்துக் கர்நாடகத்தில் பைலகுப்பே, முண்ட்கோடு ஊர்களில் திபெத்தியர் மீண்டும் நிறுவிய செரா, திரெபுங், காந்தன் மடங்களில் விவாதம் இன்றும் அன்றாடப் பாடமுறை. தற்காப்பவர் தரையில் உட்கார்ந்திருப்பார். கேட்பவர் நின்றபடி, கைதட்டி, கேள்வி எறிவார். உட்கார்ந்திருப்பவர் ஏற்கிறேன், ஏன், காரணம் நிறுவப்படவில்லை, காரணத்துக்கும் முடிவுக்கும் தொடர்பில்லை என்பதுபோன்ற சில விடைகளில் ஒன்றைத்தான் சொல்ல முடியும். ஐந்து நிமிடச் சொற்பொழிவுக்கு அங்கே வழியே இல்லை. நம் விவாத வகுப்புகளுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. உரை நீளமாக நீளமாக மனப்பாடம் கூடும், கேள்வி குறுகக் குறுகச் சிந்தனை கூடும்.

இனி ஒரு வகுப்பை எடுத்துக்கொள்வோம். முதுகலைத் தமிழ், சிலப்பதிகாரம். இந்த நூலை வைத்து நம் ஊரில் நடந்த பட்டிமன்றங்களுக்குக் கணக்கில்லை; கண்ணகியா மாதவியா என்ற தலைப்பு அலுக்கவே அலுக்காது. அந்தத் தலைப்புக்கு நூலை முழுக்கப் படிக்க வேண்டியதில்லை. கற்பு, தியாகம், பெண்மை என்று நாமெல்லாரும் சுமந்துகொண்டிருக்கும் பழைய சொற்களே போதும். அதே வகுப்பில் தலைப்பை ‘சிலப்பதிகாரம் இரண்டாம் நூற்றாண்டு நூலா, பிற்காலத்ததா’ என்று மாற்றினால் நிலைமை வேறு. முன்காலம் என்று வாதாடும் குழு வரந்தரு காதைக்குப் போயாக வேண்டும். அங்கே கடவுள் மங்கலத்துக்கு வந்திருப்பதாகச் சொல்லப்படும் இலங்கை வேந்தன் கயவாகுவைப் பிடித்தாக வேண்டும். வி. கனகசபைப் பிள்ளை 1904இல் ஆங்கில நூலில் அந்தக் கயவாகுவை மகாவம்சத்தின் முதலாம் கஜபாகுவோடு இணைத்துக் காலம் கட்டிய முறையைப் படித்தாக வேண்டும். எதிர்க்குழு சும்மா இருக்காது. மகாவம்சம் கஜபாகுவைச் சொல்கிறது, பத்தினி வழிபாட்டைச் சொல்லவில்லையே. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இன்னொரு கஜபாகு இருந்தானே. இந்த இணைப்பே தொன்மம் என்று கணநாத் ஒபயசேகர வாதிட்டிருக்கிறாரே என்று கேட்கும். கட்டுரை காதையில் மதுரை எரிந்த நாளுக்குச் சொல்லப்பட்ட ஆடித் திங்கள், தேய்பிறை எட்டாம் நாள், வெள்ளிக்கிழமை என்ற குறிப்பைக் கணக்கிட்டு எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை கி.பி. 756 என்று சொன்னதைக் கொண்டுவரும். அடைக்கலக் காதையில் வரும் கீரிப்பிள்ளைக் கதை பஞ்சதந்திரத்திலும் இருக்கிறதே, எது முந்தியது என்று கேட்கும். எஸ். வையாபுரிப் பிள்ளையைப் படிக்கும். காலத்தைப் பின்னால் தள்ளியதற்காகவே தமிழ்ப் பற்றாளர்கள் பலரின் வசையை வாங்கிய அந்த அறிஞரை, ‘அவர் தரப்பில் நின்று இருபது நிமிடம் பேசு’ என்று ஒரு தமிழ் மாணவரிடம் சொல்வதைவிடப் பெரிய கல்வி வேறென்ன இருக்க முடியும்?

இரண்டு தலைப்புகளுக்கும் உள்ள வேறுபாடு, ஒன்று சுவையானது மற்றது வறண்டது என்பதல்ல. முதல் தலைப்பில் எந்தச் சான்று வந்தால் உன் எண்ணத்தை மாற்றிக்கொள்வாய் என்று கேட்டால் பதில் கிடையாது. இரண்டாவதில் உண்டு.

அறிவியல் துறைகளில் விவாதத்துக்கு இடமில்லை என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. விடை ஒன்றுதானே என்பார்கள். இன்று ஒன்று, நேற்று அப்படி இல்லை. 1920 ஏப்ரல் 26 அன்று வாஷிங்டனில் ஹார்லோ ஷாப்லியும் ஹீபர் கர்டிஸும் அண்டத்தின் அளவு பற்றி வாதிட்டார்கள். நம் விண்மீன் மண்டலத்தின் குறுக்களவு மூன்று லட்சம் ஒளியாண்டு என்றார் ஷாப்லி. அதில் பத்தில் ஒரு பங்கு என்றார் கர்டிஸ். இன்றைய மதிப்பு ஏறத்தாழ ஒரு லட்சம். சூரியன் மண்டலத்தின் நடுவில் இல்லை என்பதில் ஷாப்லி சரி. சுருள் நெபுலாக்கள் தனித்தனி மண்டலங்கள் என்பதில் கர்டிஸ் சரி. ஷாப்லி நம்பிய, வான் மானென் என்ற வானியலாளரின் அளவீடு தவறானது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. இளங்கலை இயற்பியல் மாணவர்களுக்கு 1920வரை இருந்த தரவை மட்டும் கொடுத்து, நெபுலா விஷயத்தில் கர்டிஸ் சரி என்று பின்னர் காட்டிய ஹபிளின் கண்டுபிடிப்பை மறைத்து வைத்து, இரு பக்கமும் வாதாடச் சொன்னால், அறிவியல் எப்படி நகர்கிறது என்பதைப் பாடநூலின் ‘கண்டுபிடித்தவர், ஆண்டு’ அட்டவணை ஒருபோதும் தராத விதத்தில் உணர்வார்கள்.

இன்னொரு நிகழ்வும் நமக்கு நெருக்கமானது. சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டுக் கேம்பிரிட்ஜ் போன சுப்பிரமணியன் சந்திரசேகர், 1935 ஜனவரி 11 அன்று லண்டன் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் தம் முடிவைச் சொன்னார்: ஒரு குறிப்பிட்ட நிறைக்கு மேற்பட்ட விண்மீன், வெண்குள்ளனாக நிலைகொள்ள முடியாது. அவருக்கு வயது 24. அடுத்துப் பேசிய ஆர்தர் எடிங்டன் வானியலில் அந்நாளின் பெரும்பெயர், நகைச்சுவையாகவும் பேசத் தெரிந்தவர். விண்மீன் இப்படி அபத்தமாக நடந்துகொள்ளாமல் தடுக்க இயற்கையில் ஏதாவது விதி இருக்க வேண்டும் என்றார். அவை சிரித்தது. அன்று நடுவர் தீர்ப்பு கேட்டிருந்தால் எடிங்டன் பக்கம்தான் போயிருக்கும். சரியாக இருந்தவர் சந்திரசேகர். நோபல் பரிசு 1983இல் வந்தது. நீல்ஸ் போரைச் சுற்றியிருந்த இயற்பியலாளர்கள் அன்று தனிப்பட்ட முறையில் சந்திரசேகரோடு உடன்பட்டும் வெளியே சொல்லவில்லை. விவாத வகுப்பில் வெற்றி தோல்வி அறிவிக்கக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை. பட்டிமன்ற நடுவர் சிரிக்கவைத்து, கடைசியில் இரு அணியையும் தட்டிக்கொடுத்து, ஒரு பக்கம் சாய்வது மேடைக்கு அழகு. வகுப்பில் அந்த நாற்காலியில் ஆசிரியர் உட்கார்ந்துவிட்டால் மாணவர் சான்றைப் பார்த்துப் பேசமாட்டார், ஆசிரியர் முகத்தைப் பார்த்துப் பேசுவார்.

எதை விவாதிக்கலாம் என்ற கேள்வியில் டயானா ஹெஸ் 2009இல் எழுதிய நூல் பயனுள்ள ஒரு பிரிவினையைத் தருகிறது: தீர்ந்த கேள்வி, திறந்த கேள்வி. தீர்ந்ததைத் திறந்ததுபோல் காட்டுவதும் பாடம் கெடுவதே. பருவநிலை மாற்றத்துக்கு மனிதச் செயல் காரணமா என்று இரண்டு அணி பிரிப்பது, இல்லாத சமநிலையை உண்டாக்குகிறது. அமெரிக்க நாளிதழ்கள் இதே வேலையைச் செய்ததை 2004இல் பாய்காஃப் சகோதரர்கள் ஆவணப்படுத்தினார்கள். நிலக்கரி அனல்மின் நிலையங்களை எவ்வளவு வேகத்தில் மூடுவது என்பது திறந்த கேள்வி.

நம் வகுப்புகளுக்கே உரிய சிக்கல் வேறொன்று இருக்கிறது. ‘இடஒதுக்கீடு தேவையா’ என்பது கல்லூரி விவாதங்களில் அடிக்கடி தலைகாட்டும் தலைப்பு. அந்த வகுப்பில் இடஒதுக்கீட்டில் சேர்ந்த மாணவர் அமர்ந்திருக்கிறார். அவருக்கு அது தலைப்பு அல்ல, தான் உட்கார்ந்திருக்கும் பெஞ்சு. அவரைச் சக மாணவர் முன் தன் இருப்பை நியாயப்படுத்தச் சொல்வதும், எதிரணியில் நிறுத்தித் தன்னைத்தானே மறுக்கச் சொல்வதும் கற்பித்தல் ஆகாது. இதற்காகப் பொருளையே தொடாமல் விட வேண்டியதில்லை. கிரீமி லேயர் வரம்பை எந்த அளவுகோலில் வைப்பது, உள்ஒதுக்கீட்டுக்கு எந்தத் தரவு தேவை, இந்திரா சஹானி வழக்கில் 1992இல் உச்ச நீதிமன்றம் சொன்ன 50 சதவீத உச்சவரம்பும் தமிழ்நாட்டின் 69 சதவீதமும் சட்டப்படி எப்படி நிற்கின்றன என்பன சட்டம், பொருளியல், சமூகவியல் மாணவர்கள் சான்றோடு மோத வேண்டிய கேள்விகள். தலைப்பை எழுதும் ஒற்றை வரியில்தான் ஆசிரியரின் பொறுப்பு பாதி முடிகிறது. டெபோரா டானென் 1998இல் வாதக் கலாசாரத்தைச் சாடி எழுதியபோது எல்லாவற்றையும் இரண்டே பக்கமாக்கும் பழக்கத்தைக் குறை சொன்னார். அந்தக் குறை தலைப்பு எழுதுபவரையே முதலில் சேரும்.

அறுபது பேர் வகுப்புக்கு இதெல்லாம் ஒத்துவருமா என்பது நியாயமான சந்தேகம். அணிக்கு மூவர் என்று வைத்தால் ஆறு பேர் பேசுவார்கள், ஐம்பத்து நான்கு பேர் பார்ப்பார்கள். எப்போதும் பேசும் அந்த ஆறு பேர்தான் இப்போதும் பேசுவார்கள். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜான்சன், ரோஜர் ஜான்சன் சகோதரர்கள் எழுபதுகளின் இறுதியிலிருந்து வளர்த்தெடுத்த முறை இதற்கு வழி சொல்கிறது. நால்வர் ஒரு குழு, அதில் இருவர் ஒரு பக்கம். தயாரித்து, சொல்லி, கேள்வி கேட்டபின் பக்கம் மாற வேண்டும்; எதிர்ப்பக்க வாதத்தை அவர்களைவிட நன்றாகச் சொல்ல முயல வேண்டும்; பிறகு நால்வரும் பக்கங்களைக் கைவிட்டு ஒரே அறிக்கை எழுத வேண்டும். அறுபது பேரில் பதினைந்து குழு. மைக் வேண்டாம், மேடை வேண்டாம், பார்வையாளர் இல்லை. சத்தம் அதிகம் இருக்கும். பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப்பார்ப்பார். கூட்டத்தில் வாய் திறக்காத மாணவியும் நால்வருக்குள் பேசியே ஆகவேண்டியிருக்கும்.

மொழியும் இங்கே தடையாகிறது. முதல் தலைமுறையாகக் கல்லூரி வந்தவர் ஆங்கிலத்தில் வாதாடும்போது அவருடைய வாதத்தை யாரும் கேட்பதில்லை, இலக்கணத்தைத்தான் கேட்கிறார்கள். பாடம் ஆங்கிலவழி என்றாலும் குழுவுக்குள் தமிழில் பேசி, அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதவைப்பதில் எந்த விதியும் மீறப்படவில்லை. சரளமாகப் பேசுவதையே அறிவு என்று எடைபோடும் பழக்கத்தை விவாத வகுப்பு வளர்க்கக்கூடாது. அது வளர்த்துவிடும் ஆபத்து உண்மையிலேயே அதிகம்.

சட்டக் கல்லூரிகள் இந்த வகையில் முன்னே இருக்கின்றன. பார் கவுன்சிலின் 2008 விதிகள் மாதிரி நீதிமன்றப் பயிற்சியைக் கட்டாயப் பாடமாக வைத்து, வாய்மொழி வாதத்தோடு எழுத்துவடிவ மனுவுக்கும் மதிப்பெண் தருகின்றன. பிற துறைகளில் விவாதம் அகமதிப்பீட்டின் ‘செமினார்’ கட்டத்துக்குள் நுழைந்தால்தான் உண்டு. அங்கே மதிப்பெண்ணைக் குரலுக்கும் கையசைவுக்கும் கொடுத்தால் மாணவர் அதையே தயாரிப்பார். விவாதத்துக்கு முன் எதிர்ப்பக்கத்துக்காக எழுதிய இரண்டு பக்கத்துக்கும், விவாதத்துக்குப் பின் ‘என் எண்ணத்தில் எது நகர்ந்தது, எந்தச் சான்றால்’ என்று எழுதும் ஒரு பக்கத்துக்கும் கொடுத்தால் வேறு வகைத் தயாரிப்பு நடக்கும். அந்த இரண்டு பக்கத்தை சாட்ஜிபிடி எழுதித் தந்துவிடும் என்பது உண்மைதான். குழுவில் எதிரே இருப்பவர் ‘இந்த இரண்டாவது காரணம் எங்கிருந்து வந்தது’ என்று கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் மாணவர்.

எல்லாவற்றையும் மீறி நிற்பது பருவத்தேர்வு வினாத்தாள். அகமதிப்பீட்டுக்கு 25, தேர்வுக்கு 75 என்று பல பல்கலைக்கழகங்கள் பிரித்திருக்கும் நிலையில், வினாத்தாள் ‘காரணங்களை விளக்குக’, ‘சிறப்பியல்புகளைத் தொகுத்துரைக்க’ என்றே கேட்டுக்கொண்டிருந்தால், விவாதத்துக்கு ஒதுக்கிய வாரம் மாணவர் கண்ணில் வீணான வாரம். ஒரு தரப்பின் வாதத்தை அரைப் பக்கத்தில் கொடுத்து, அதற்குள்ள வலுவான எதிர்வாதத்தைச் சான்றோடு எழுதச் சொல்லும் ஒரு பத்து மதிப்பெண் வினா போதும், கணக்கு மாற. அத்தகைய வினாவைச் சேர்க்கப் பாடத்திட்டக் குழுவின் ஒப்புதல் வேண்டும். தன்னாட்சிக் கல்லூரிகளில் அந்தக் குழுவில் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பவர்கள் அதே துறையின் ஆசிரியர்கள்தான்.